எதோட பாக்கேக்க?

எங்கள் அலுவலகத்து அக்காவிடம் சும்மா ஒரு கதை சொல்லிவிட்டுத் தப்ப ஏலாது. "இண்டைக்குச் சரியான வெக்கை" என்று வாய் தவறிச் சொன்னாலும் போதும். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்: "எதோட பாக்கேக்க?" நேற்றோடு பார்க்கும்போதா, போன சித்திரையோடு பார்க்கும்போதா என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வெக்கை அவருடைய கணக்கில் வெக்கையே இல்லை.

மீன் சந்தையில் பாரை மலிவு என்று கூவியவனிடமும் இதையே கேட்டார். அவன் கத்தியை வைத்துவிட்டு, "உங்களை நான் காணாத நேத்தோட பாக்கேக்க, மிஸ்" என்றான். என் மச்சாளுக்கு மாப்பிள்ளை பேசி வந்த சந்தோசத்தில், "நல்ல பொடியன் அக்கா, குடி வெறி ஒண்டுமில்லை" என்று நான் சொன்னபோதும் அதே கேள்வி. வீட்டில் போய் ஆத்திரத்தோடு சொன்னேன். என் மனுசி அரிசி களைந்துகொண்டே, "உங்களோட பாக்கேக்க எண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள். இரண்டு பெண்களும் ஒருநாளும் சந்தித்திராதபோதே என் விசயத்தில் ஒரே கட்சியாக இருந்தார்கள்.

நான் ஒரு சாரதி. துறைமுகத்தைப் பார்த்தபடி இரண்டு அறைகளில் இயங்கிய ஒரு சுகாதாரத் திட்ட அலுவலகத்தின் வான் வண்டியை ஓட்டினேன். அக்கா அங்கே இரத்தம் பரிசோதிப்பவர். பூச்சிமருந்து அடிக்கிற ஆட்களின் உடம்பில் மருந்து எவ்வளவு வேலை காட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. மாதத்தில் ஒரு நாள் குச்சவெளிக்குப் போவோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிக்கிறவர்கள் அங்குள்ள ஒரு பொது மண்டபத்தில் வரிசையாக வந்து விரலை நீட்டுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரத்தத்தில் அப்படி எதைத்தான் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். கோலினெஸ்ட்ரேஸ் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு மாதிரிச் சொன்னார். "நீ பஸ் ஓட்டினனீ தானே? கொண்டக்டர் மணி அடிச்சா என்ன செய்வாய்?"

"நிப்பாட்டுவன்."

"அடிச்ச மணி ஓயாமல் அடிச்சுக்கொண்டே இருந்தா?"

"விசர் பிடிக்கும்."

"நரம்பு அடிக்கிற மணியை ஓயப்பண்ணுற ஆள்தான் இது. மருந்து அந்த ஆளைப் பிடிச்சுக் கட்டிப்போடும். பிறகு மணி ஓயாது. கை நடுங்கும், வாய் ஊறும், கண் மங்கும். ஆள் எவ்வளவு மிச்சம் இருக்கிறார் எண்டு நான் பாக்கிறன்."

இப்போது இரத்தத்தைக் குழாயில் எடுத்து அனுப்பினால் ஏதோ ஓர் இயந்திரம் எண்ணைச் சொல்லிவிடுகிறது. அக்காவிடம் இருந்தது ஒரு பழைய பெட்டி. சின்னக் கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம். அதில் ஒரு துளி இரத்தம், பிறகு இன்னொரு திரவம். நல்ல இரத்தமென்றால் நீலம் பச்சையாகி, பச்சை கரைந்து மஞ்சளாகும். மருந்து ஏறிய இரத்தம் பச்சையிலேயே நின்றுவிடும். நிறம் எங்கே நிற்கிறதென்பதைப் பெட்டியிலுள்ள நிறக் கண்ணாடி வில்லைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அதிலே ஒரு சிக்கல் இருந்தது. எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பது? சூடான நாளில் நிறம் கெதியில் மாறும், மழை நாளில் இழுபடும். அதற்காக, மருந்துப் பக்கமே போகாத ஒருவரின் இரத்தத்தை முதலில் குழாயில் விடவேண்டும். அது முழு மஞ்சளாகும் நேரம்தான் அன்றைய நேரம். அந்த நிமிடத்தில் மற்றவர்களின் குழாய்களைப் பார்த்து, அவனோடு பார்க்கும்போது இவன் எவ்வளவு என்று எழுத வேண்டும். அந்த ஆளுக்கு அக்கா வைத்த பெயர் 'நூறு'.

நான்தான் நூறு.

எனக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. குடி இல்லை, தோட்டம் இல்லை, லிங்கநகரில் வாடகை வீடு, பூச்சியென்றால் இரவில் கடிக்கிற நுளம்பு மட்டும்தான். பரிசோதனை நாளில் காலையில் குளித்து, இடது மோதிர விரலைச் சவர்க்காரம் போட்டுத் தனியாகக் கழுவிக்கொண்டு போவேன். குச்சவெளிக்காரர்கள் என்னை 'மஞ்சள் தம்பி' என்று கூப்பிட்டார்கள். "உங்கட இரத்தத்துக்கு உத்தியோகம் கிடைச்சிட்டுது, அதுக்குப் பென்சனும் வருமோ?" என்பது மனுசியின் பகிடி.

உங்கள் விரலையே குத்திப் பார்த்தால் என்ன என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "அளக்கிறவள் தன்னையே அளவா வச்சுக்கொண்டா அவளின்ர பிழையை ஆர் பிடிக்கிறது?" என்றார். ஊசிக்குப் பயந்துதான் இப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அது பாதி உண்மை என்பது பின்னால் தெரியவந்தது.

நிறத்தைப் பற்றிய விசயத்தில் அக்காவோடு மாரடிக்கவே ஏலாது. பத்து மணிக்குப் பிறகு துறைமுகத் தண்ணீரில் பட்ட வெயில் எங்கள் கூரை முகட்டில் ஆடும். அந்த ஆட்டத்தில் மஞ்சளும் பச்சையாகத் தெரியும் என்று யன்னலுக்கு வெள்ளைத் துணி கட்டினார். அந்தத் துணியை நகரத் தெருக்களில் அலைகிற மான்களில் ஒன்று யன்னலால் இழுத்து அரைவாசி தின்றுவிட்டது. அடுத்த நாள் மிச்ச அரைவாசியைத் தலைகீழாகக் கட்டினார். கடும் நிறத்தில் சேலை கட்டிய எவரும் குழாய்களுக்குக் கிட்ட வரக்கூடாது. எங்கள் கணக்காளர் அம்மா ஒரு நாள் கிளிப்பச்சைச் சேலையோடு வந்து, வாசலில் நின்றபடியே சம்பளப் படிவத்தை உள்ளே வீச வேண்டியதாயிற்று. அக்கா பரிசோதனை நாட்களில் கட்டுவது சாம்பல் நிறம் மட்டும்தான். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "எழுபத்தைஞ்சு" என்பார். சாயம் போதாது என்று அர்த்தம்.

குச்சவெளி வரிசையில் யோகண்ணை என்று ஒருவர் வருவார். தோட்டக்காரர்களுக்குக் கூலிக்கு மருந்து அடிப்பவர். மருந்து மெசினை முதுகில் கட்டினால் பாத்தியில் ஒரு வெங்காயத் தாள் மிதிபடாமல் நடப்பார் என்று ஊரே சொல்லும். கையுறை போடமாட்டார், முகத்தைக் கட்டமாட்டார், கேட்டால் "பழகிப்போச்சு" என்பார். மூன்று மாதமாக அவருடைய குழாய் பச்சையிலேயே நின்றது. மருந்துப் பக்கம் போகக்கூடாது என்று மூன்று மாதமும் அக்கா எழுதிக்கொடுத்தார். மனுசன் வெளியே காட்டாமல் இருந்தாலும், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பதை நான் கண்டிருக்கிறேன். நாள் முழுக்க வீட்டில் குந்தியிருப்பதைவிட, தன் இடத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் அவரைத் தின்றது.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல இப்போதும் வெட்கம்தான்.

என் மச்சான் வெளிநாடு போகும்போது தன் கட்டிலையும் மெத்தையையும் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனான். மெத்தையோடு மூட்டைப்பூச்சியும் வந்தது. மனுசியும் மகளும் கடி தாங்காமல் பாயைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டார்கள். எனக்கு முதுகு வலி, மெத்தையை விட மனமில்லை. மூட்டைப்பூச்சி என்று எவரிடமும் வாய் திறக்கவும் ஏலாது. திறந்தால் பிறகு எவன் எங்கள் வீட்டுக் கதிரையில் குந்துவான்? அடுத்த முறை குச்சவெளிக்குப் போனபோது யோகண்ணையைத் தனியே கூப்பிட்டு, வேலிக் கட்டைக்குக் கறையான் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அவர் ஒரு சோடாப் போத்தலில் மிச்ச மருந்து ஊற்றித் தந்தார். அதை மெத்தைக்கு அடித்தேன். சாகவில்லை, திரும்பவும் அடித்தேன். அதன்மேல்தான் ஒரு மாதம் படுத்து எழும்பினேன். தலையிடி வந்தது, வெக்கை என்று நினைத்தேன். அக்கா அந்த நேரம் கிட்ட இருந்திருந்தால், எதோட பாக்கேக்க என்று கேட்டிருப்பார்.

அந்த மாதப் பரிசோதனைக்கு வழமைபோல விரலைக் கழுவிக்கொண்டு போய் நீட்டினேன். மருந்தும் இரத்தமும் எனக்கு இரண்டு வேறு விசயங்களாகவே இருந்தன. மருந்து யோகண்ணைகளுக்கு ஏறும், என்னில் ஏறும் என்ற நினைப்பே வரவில்லை. நான் நூறு அல்லவா?

தகரக் கூரையின் கீழே அனல். அப்படி ஒரு நாளில் இருபத்துநாலு, இருபத்தைந்து நிமிடத்தில் என் குழாய் மஞ்சளாகிவிடும். அன்று அரை மணித்தியாலமாகியும் பச்சை போகவில்லை. அக்கா வெப்பமானியைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், பெட்டியிலிருந்த திரவப் போத்தலைக் குலுக்கிப் பார்த்தார். ஆனாலும் விதி விதிதான், நூறு மஞ்சளாகும் வரை பொறுக்க வேண்டும். முப்பத்தெட்டாவது நிமிடத்தில்தான் எனக்கு மஞ்சள் வந்தது. உடனே மற்றக் குழாய்களைப் பார்த்தால், பதினொரு பேரும் நல்ல மஞ்சள். யோகண்ணையும் மஞ்சள்.

மண்டபம் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. யோகண்ணை தன் குழாயை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்து, போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டினார். "மிஸ், ஒரு தோட்டத்தில வெங்காயத்துக்குப் புழு. பாவம், அந்த மனுசன் எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கிறான். இப்பவே போறன்" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார். எனக்கும் உள்ளூரச் சந்தோசம். அக்கா மட்டும் பெட்டியை மூடாமல் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மடியில் பழைய பதிவுப் புத்தகத்தை விரித்து வைத்து, மாதம் மாதமாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். இறக்கக்கண்டிப் பாலம் தாண்டியதும், "தம்பி, ஓரமா நிப்பாட்டு" என்றார்.

"என்னக்கா?"

"பதினொரு பேரும் ஒரே நாளில சுகமாகினவை எண்டா, நான் எங்கயோ பிழை விட்டிட்டன்."

வானின் பின்கதவைத் திறந்து, தரையில் பெட்டியை வைத்தார். என் விரலைக் குத்தி ஒரு குழாயில் விட்டார். பிறகு புது ஊசி எடுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தன் விரலைக் குத்தினார். எத்தனையோ பேரைக் கூசாமல் குத்திய மனுசி "ஸ்ஸ்" என்று சத்தம் போட்டுவிட்டார். இரண்டு குழாயும் பக்கத்தில் பக்கத்தில். நாங்கள் வீதியோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். புல்மோட்டைப் பக்கம் போன பஸ்ஸில் இருந்து ஒருவன் தலையை நீட்டி, "என்னண்ணை, ரயர் காத்துப் போயிட்டுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இருபத்துநாலாவது நிமிடத்தில் அக்காவின் குழாய் மஞ்சள். என்னுடையது பழுக்காத தோடம்பழத் தோல் போலப் பச்சையாகவே நின்றது.

"ரெண்டு பேரில ஒராள் பிழை" என்றார் அக்கா. "போன மாசம்வரைக்கும் நீயும் இருபத்துநாலு, இருபத்தைஞ்சுதான். அந்த உன்னோட பாக்கேக்க, நான் சரி. உனக்காகப் பொறுத்த நேரத்தில பச்சையும் மஞ்சளாகிட்டுது. எங்கயாவது மருந்து பட்டதோ?"

"இல்லையக்கா" என்றேன். மூட்டைப்பூச்சிக் கதையை மறைத்தேன்.

அவர் பெட்டியை மூடினார். "சரி. கண் வடிவாத் தெரியுதோ? தெரிஞ்சா வண்டியைத் திருப்பு. ஆறுதலா ஓட்டு. யோகன் மெசினைத் தூக்க முதல் போகவேணும்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தூக்கிவிட்டார். முதுகில் நிறைமெசின், ஒரு கை பம்பில், மற்றக் கையில் குழல். களை பிடுங்கிய பெண்கள் நாலைந்து பேர் வரம்பில் ஒதுங்கி நின்றார்கள். அக்கா செருப்புப் புதையப் புதையப் பாத்திக்குள் இறங்கி நடந்தார்.

"யோகன், இறக்கி வையுங்கோ!"

"என்ன மிஸ்? இப்பதானே மஞ்சள் எண்டனீங்கள்?"

"நான் பிழையா அளந்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யோகண்ணையின் முகம் கறுத்தது. "மூண்டு மாசம் என்னை வீட்டில குந்த வச்சியள். இண்டைக்கு நல்லது எண்டியள். ஒரு மணித்தியாலத்தில அதுவும் பிழை எண்டுறியள். பழுது என்ர உடம்பில இல்லை மிஸ், உங்கட பெட்டியிலதான். இனி நான் விரல் தரமாட்டன். மற்றவையையும் விடமாட்டன்."

"பிழை என்னில. ஆனாப் பழுதாகிறது உங்கட உடம்பு" என்று அக்கா திரும்பவும் சொன்னார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யோகண்ணை பம்பை அடிக்கத் தொடங்கினார். குழல் முனையில் முதல் மருந்துத் தூவானம் தெரிந்தது. அக்கா சாம்பல் சேலையோடு காற்று அடிக்கிற பக்கமாகவே நின்றார்.

நான் கத்திவிட்டேன். "அண்ணை, நிப்பாட்டுங்கோ! பிழை என்ர இரத்தத்தில! எங்கட வீட்டில மூட்டைப்பூச்சி! மெத்தைக்கு மருந்து அடிச்சுப்போட்டு அதிலயே படுத்தனான். நான் இறங்கிப் போனதாலதான் நீங்கள் ஏறி நிக்கிற மாதிரித் தெரிஞ்சது!"

பம்பு நின்றது. யோகண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கறையானெண்டெல்லோ வாங்கினனீ?"

வரம்பில் நின்ற பெண்களில் ஒருத்திதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். "மஞ்சள் தம்பிக்கு மூட்டை கடிச்சுப்போட்டுதாம்!" யோகண்ணை சிரித்த சிரிப்பில் முதுகிலிருந்த மெசினுக்குள் மருந்து களக் களக் என்று ஆடியது. அந்த ஆட்டத்தோடேயே பட்டியைக் கழற்றி மெசினைக் கீழே வைத்தார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "பிள்ளை எங்க படுக்கிறது?" என்று கேட்டார். ஹோலில், பாயில் என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் வரம்பில் குந்தினார்.

சோடாப் போத்தலில் மருந்து ஊற்றித் தந்ததற்கு யோகண்ணைக்கும், வாங்கியதற்கு எனக்கும் ஒரே மூச்சில் ஏச்சு விழுந்தது. பிறகு, இனி நீ ஓட்டக்கூடாது என்று கையை நீட்டி வான் திறப்பை வாங்கிக்கொண்டார். அன்று வான் குச்சவெளியிலேயே நின்றது, நாங்கள் பஸ்ஸில் வந்தோம். நிலாவெளியில் யாரோ இறங்க மணி அடித்தார்கள். "பாத்தியா, ஓஞ்சிட்டுது" என்றார் அக்கா. அந்த நாளில் அவர் சொன்ன ஒரே பகிடி அதுதான்.

மறுநாள் பதினொரு பேரையும் திரும்பப் பார்த்தார். அதற்கு அங்குள்ள மருத்துவிச்சி அம்மாவின் விரல் நூறானது. யோகண்ணை பச்சை, இன்னும் இரண்டு பேர் பச்சை. என் மனுசியும் மகளும் மஞ்சள். அந்தக் குழாய்களைக் கண்டபோது நான் அழுதேன், மறைக்கவில்லை. மெத்தையைப் பொலித்தீனில் சுற்றி, என்ன மருந்து அடித்ததென்று சொல்லி குப்பை அள்ளுகிற நகரசபை உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். பதிவுப் புத்தகத்தில் அந்த நாளுக்கு நேரே, அக்கா தன் கையால் எழுதியிருந்தார்: 'பிழை என்னுடையது. அளவுக்கு வைத்த ஆளை ஒவ்வொரு முறையும் கேட்காமல் நம்பினேன்.' மூட்டைப்பூச்சியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகு மாதா மாதம் நானும் வரிசையில் நின்று விரல் கொடுத்தேன். யோகண்ணை மெசினை விற்றுவிட்டுக் களப்பில் இறாலுக்கு வலை வீசப் போனார். கோப்பையை ஒரு கையால் பிடிக்கத் தொடங்கினார். எனக்கும் பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

அக்கா ஓய்வுபெற முதல், கடைசியாகக் குச்சவெளிக்குப் போன நாள். (இப்போது அவர் பாலையூற்றில் இருந்த வீட்டை விட்டு மகளோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டார் என்று கேள்வி.) அன்று பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வரிசையைப் பார்த்தார். மருத்துவிச்சி அம்மா வழமைபோல விரலைத் துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா அவரை மறித்து, "யோகன், இஞ்ச வாங்கோ. கடைசியா எப்ப மருந்தில கை வச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"ஏழு மாசம் மிஸ். மணக்கக்கூட இல்லை."

"வீட்டில? நுளம்புக்கு, கறையானுக்கு, மூட்டைக்கு?" கடைசிச் சொல்லில் என் பக்கம் ஒரு பார்வை.

"ஒண்டுமில்லை மிஸ்."

"போன மூண்டு மாசமும் அம்மாவோட சரிக்குச் சரி மஞ்சள். அப்ப இண்டைக்கு நீங்கள்தான் நூறு."

யோகண்ணை நீட்டிய விரலை இழுத்துக்கொண்டார். "நானோ?" என்றார். வலையில் கிழிந்து காய்த்த விரல். அதைச் சாரத்தில் ஒருமுறை துடைத்து, போதாதென்று வெளியே ஓடிப்போய்ப் பைப்பில் கழுவிக்கொண்டு வந்து நீட்டினார். அவருடைய குழாய் மஞ்சளாகும் வரை எல்லாரும் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றோம். இருபத்துநாலு நிமிடம். அக்கா மற்றக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, பெயர் சொல்லி எழுதி, கடைசியில் என்னுடையதைத் தூக்கினார்.

"தம்பி, நீயும் நல்ல மஞ்சள்."

நான் வாய் திறக்க முதல் பின்னாலிருந்து யோகண்ணை கேட்டார்: "எதோட பாக்கேக்க, மிஸ்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களோட பாக்கேக்க."